புயலுக்கு முந்தைய சொற்கள்

நுழையும்முன்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தமிழ்நாட்டின் செவிகளில் இடைவிடாது விழும் தொடர் 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்பது. அடுத்த நாள் அது 'தாழ்வு மண்டலம்' ஆகிறது. பின்னர்ப் 'புயலாக வலுப்பெறக்கூடும்' என்கிறார்கள். ஒன்றுபோல் ஒலிக்கும் இச்சொற்களுக்குப் பின்னால் திட்டமான அளவுகள் உள்ளன. அவை எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சிவகங்கையிலிருந்து தொண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் காளையார்கோவில். மருது சகோதரர்கள் எழுப்பிய கோபுரமும் ஆனைமடு என்னும் குளமும் அவ்வூரின் அடையாளங்கள். கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் கடல் இருக்கிறது. ஆயினும் இது கடற்கரை ஊர் அன்று. ஆற்று வளம் பெற்ற ஊரும் அன்று. சுற்றிலும் உள்ள கண்மாய்களுள் பெரும்பாலானவை வானத்தை நம்பியே வெட்டப்பட்டவை. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாவிட்டால் நெல் கதிர் பிடிக்காது.

இப்பகுதி உழவர் ஆவணி, புரட்டாசியில் நிலத்தைப் புழுதிபட உழுது, ஈரமில்லாத மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பர். இதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர். இதில் காலக்கணக்கு தவறலாகாது. சிறுமழை பெய்து முளைவிட்ட பயிர் அடுத்த மழை கிடைக்காமல் காய்ந்தால் கருகிவிடும். விதைத்த மறுநாளே பெருமழை பெய்து நீர் தேங்கினால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். எனவே, வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாக வாய்ப்பு என்னும் செய்தியை நாகப்பட்டினத்து மீனவர் அச்சத்தோடு கேட்கையில், காளையார்கோவில் உழவர் ஆவலோடு கேட்கிறார். சொல் ஒன்றே, கேட்போரின் கவலை வேறு.

கிழக்கிலிருந்து வரும் அலை

அக்டோபர் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று விடைபெற்றதும், தென் வங்கக் கடலின்மேல் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காற்று வீசத் தொடங்குகிறது. இந்தக் காற்றோட்டம் எப்போதும் சீராக இருப்பதில்லை. அதில் இடையிடையே அழுத்தம் குறைந்த வளைவுகள் தோன்றி மேற்கு நோக்கி நகரும். இவற்றைக் கிழக்கு அலைகள் என்றும் வெப்பமண்டல அலைகள் என்றும் வானிலையாளர் அழைப்பர்.

இங்கு அலை என்பது கடலலை அன்று. விளைந்த நெல்வயலின்மேல் காற்று வீசும்போது கதிர்கள் ஒரு வரிசையாகச் சாய்ந்து நிமிர்வதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். கதிர்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. சாய்வு மட்டும் வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயணம் செய்கிறது. அதுபோலவே கிழக்குக் காற்றின் போக்கில் விழுந்த ஒரு வளைவு, பல நூறு கி.மீ. நீளத்திற்குப் பரந்து, கடலின்மேல் நகர்கிறது. பெரும்பாலும் அலையின் முன்புறத்தில் வானம் தெளிந்திருக்கும். அதன் அச்சு கடந்தபின், கிழக்குப் புறத்தில் காற்று ஒருங்கிணைந்து மேலெழும்பி மேகம் திரளும். மழைக்கு முந்தைய நாள் வானம் வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு ஏமாற வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

கரீபியன் தீவுகளில் அழுத்தமானி காட்டிய ஏற்ற இறக்கங்களை ஒப்பிட்டு, அழுத்தக் குறைவுகள் தீவு தீவாக மேற்கு நோக்கி நகர்வதை 1940 இல் கார்டன் டன் என்னும் அமெரிக்க வானிலையாளர் எடுத்துக்காட்டினார். சில ஆண்டுகளுக்குப்பின் ஹெர்பர்ட் ரீல் அவ்வலையின் அமைப்பை விரிவாக விளக்கினார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 அலைகள் அட்லாண்டிக் கடலுக்குள் நுழைகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மேகக் கூட்டமாகவே கடந்து மறைந்துபோகின்றன.

வங்கக் கடலின் கதை சற்று வேறுபட்டது. தென்சீனக் கடலில் வலுவிழந்த சுழற்சியின் எச்சம் மலாய்த் தீபகற்பத்தைக் கடந்து, அந்தமான் கடலின் வெப்பநீரில் மீண்டும் உயிர்பெறுவது இங்கே அரிதன்று. 2018 நவம்பரில் வேதாரண்யம் பகுதியைச் சிதைத்த கஜா புயலின் மூலமும் தாய்லாந்து வளைகுடாவில்தான் தொடங்கியது.

ஓர் அலை புயலாவதற்குப் பல நிலைகள் ஒருங்கே கூடிவர வேண்டும். கடல்மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து குறைந்தது ஐந்து பாகையேனும் விலகியிருக்க வேண்டும். இல்லையெனில் புவிச்சுழற்சி காற்றைச் சுழலச் செய்யும் விசை போதாது. நடு வளிமண்டலத்தில் ஈரப்பதம் வேண்டும். இவையெல்லாம் அமைந்தும், மேலடுக்கில் ஒரு திசையிலும் கீழடுக்கில் வேறு திசையிலும் காற்று வீசினால், எழும்பும் மேகத்தின் தலை வெட்டப்பட்டுவிடும். இத்தனை தடைகளையும் தாண்டுபவை சிலவே. ஆகவே வானிலையாளர் பேச வேண்டியிருப்பது பெரும்பாலும் புயலாகாதவற்றைப் பற்றித்தான்.

படிப்படியான பெயர்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுத்துள்ள படிநிலைகளின் அடித்தளத்தில் இருப்பது வளிமண்டலச் சுழற்சி. தரைக்குச் சற்று மேலே காற்று சுழல்கிறது, ஆனால் கடல்மட்டத்தில் அழுத்தம் இன்னும் தெளிவாகக் குறையவில்லை என்பது இதன் பொருள். 'கிழக்குத் திசைக் காற்றின் வேக மாறுபாடு' என்று அறிக்கையில் வரும் எளிய தொடரும் பெரும்பாலும் இத்தகைய தொடக்க நிலையையே சுட்டும்.

கடல்மட்டத்தில் அழுத்தம் குறைந்து, காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழ் இருந்தால் அது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. வேகம் 31 முதல் 49 கி.மீ. வரை எட்டினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 கி.மீ.யைத் தொட்டதும் அது புயல். அப்போதுதான் அதற்குப் பெயர் சூட்டப்படும். 89 கி.மீ.யில் தீவிரப் புயல், 118 இல் மிகத் தீவிரப் புயல் எனப் படிகள் மேலும் உயர்கின்றன.

'பகுதி', 'மண்டலம்' என்னும் சொற்கள் நுட்பமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவைதாம். ஆனால் செவிக்கு உதவுபவை அல்ல. பேச்சுவழக்கில் இரண்டும் இடத்தைக் குறிப்பவை. எது வலியது, எது மெலியது என்று அவை தாமாக உணர்த்துவதில்லை. செய்தி வாசிப்போரும் சிலபோது இரண்டையும் மயங்கச் சொல்லிவிடுகின்றனர். கடலுக்குள் இருக்கும் படகுக்கோ இவ்வேறுபாடு உயிர் தொடர்பானது.

நடுக்கடலில் காற்றை அளப்பது எவ்வாறு? சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நிறுவிய மிதவைகள் சில இடங்களில் அளந்து அனுப்புகின்றன. கப்பல்கள் தம் வழியில் கண்டதைத் தெரிவிக்கின்றன. மற்ற இடங்களில் செயற்கைக்கோள் படங்களே துணை. மேகக்கூட்டம் எவ்வளவு சுருண்டுள்ளது, நடுப்பகுதி எவ்வளவு குளிர்ந்துள்ளது என்பதைக் கொண்டு ஓர் எண் தரும் முறையை 1970 களில் வெர்னான் டிவோராக் உருவாக்கினார். அம்முறையில் 2.0 என்பது ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 2.5 என்பது புயல். அரை எண் வேறுபாட்டில் ஒன்று பெயர் பெறுகிறது, மற்றொன்று பெயரின்றி நிற்கிறது.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. இந்தியாவில் மூன்று நிமிடச் சராசரியைக் காற்றின் வேகமாகக் கொள்வர். அமெரிக்காவில் ஒரு நிமிடச் சராசரியைக் கொள்வர். குறுகிய நேரச் சராசரி சற்றே மிகுந்து வருவது இயல்பு. ஒரே புயலுக்கு இரண்டு வேகங்கள் வெளியாவதைக் கண்டு எவரோ பொய் சொல்கிறார் என்று கருதுவோர் இதை அறிவதில்லை.

கூடும் என்னும் துணைவினை

'வலுப்பெறும்', 'வலுப்பெறக்கூடும்' என்னும் இரண்டையும் இலக்கணம் கற்றோர் ஒன்றென்று கொள்ளார். முன்னது உறுதி, பின்னதில் 'கூடு' என்னும் துணைவினை உறுதியைத் தளர்த்தி வாய்ப்பை உணர்த்துகிறது. வானிலை அறிக்கையின் உயிர்நாடி அத்துணைவினையில் இருக்கிறது.

புது தில்லியிலுள்ள மண்டலச் சிறப்பு வானிலை மையம் நாள்தோறும் வெளியிடும் அறிக்கையில், அடுத்துவரும் ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பு 'இல்லை', 'குறைவு', 'மிதம்', 'அதிகம்' என்று அட்டவணையாகத் தரப்படுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரையிலான வாய்ப்பு குறைவு. மூன்றில் இரு பங்கு வரை மிதம். அதற்கு மேற்பட்டது அதிகம். அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையமோ 40 விழுக்காட்டையும் 60 விழுக்காட்டையும் எல்லைகளாகக் கொண்டு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில் வரைபடம் தீட்டுகிறது.

30 விழுக்காடு என்று சொல்லப்பட்ட அலை புயலாகிவிட்டால் கணிப்புப் பொய்த்தது என்று பொருளாகாது. அவ்வாறு சொல்லப்பட்ட பத்து அலைகளுள் மூன்று அளவில் வலுப்பெற்றால் கணித்தவர் சரியாகவே கணித்தார். பத்தும் வலுப்பெற்றாலும் தவறு. ஒன்றுகூட வலுப்பெறாவிட்டாலும் தவறு. ஓர் அலையைக் கொண்டு கணிப்பை எடைபோட இயலாது. பல ஆண்டுப் பதிவுகளைக் கொண்டே எடைபோட வேண்டும். தில்லியின் அட்டவணையில் உள்ள இந்த அளவு, தலைப்புச் செய்தியாக மாறும் வழியில் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. 'புயல் வருகிறது' என்பதே மிஞ்சுகிறது.

இந்தத் தயக்கத்தைச் சொல்லும் முறை செயற்கைக்கோளுக்கு முன்பே துறைமுகங்களில் இருந்தது. பாம்பனிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 11 வகை. 1 ஆம் எண் கூண்டு, தொலைவில் பலத்த காற்று வீசும் பகுதி ஒன்று உள்ளது, அதில் புயல் உருவாகலாம் என்பதை மட்டுமே குறிக்கும். 10 ஆம் எண் பெரும் அபாயம். 11 ஆம் எண்ணோ, எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதன் குறி. சொல்வதற்கு எதுவும் வந்துசேராத நிலைக்கும் ஓர் எண் வைத்திருந்தனர்.

1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு தனுஷ்கோடி அழிந்தபோது கடல்நிலையை அறியக் கப்பல்களின் குறிப்புகளும் கரையோர நிலையங்களுமே பெருந்துணை. பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டி பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. அன்று காளையார்கோவிலும் தனுஷ்கோடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. சிவகங்கை தனி மாவட்டமானது 1985 இல்தான்.

தயங்கி நின்ற ஃபெஞ்சல்

2024 நவம்பர் 25 அன்று தென்மேற்கு வங்கக் கடலையொட்டி ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. 26 ஆம் நாள் அது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாயிற்று. 27 ஆம் நாள் புயலாக வலுப்பெறக்கூடும் என்று அறிவிக்கப்பட்டது. 27 கடந்தது, அது புயலாகவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி மெல்ல ஊர்ந்தது. 28 உம் கடந்தது. புயலாகாமல் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று ஒரு கட்டத்தில் கணிப்பு மாற்றப்பட்டது. 29 ஆம் நாள் பிற்பகலில் அது புயலாக வலுப்பெற்று ஃபெஞ்சல் என்னும் பெயரையும் பெற்றது. 30 ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது.

இந்த நாள்களில் வானிலையாளரை எள்ளி நகையாடியோர் பலர். ஆனால் நிகழ்ந்ததை அளவுகளோடு நோக்கினால் நிலைமை வேறு. மணிக்கு 61 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றுக்கும் 62 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றுக்கும் மரமும் கூரையும் வேறுபாடு அறியா. நடுக்கடலில் செயற்கைக்கோள் வழியாக மதிப்பிடும் வேகத்தில் நேரக்கூடிய பிழையே அந்த ஒரு கி.மீ.யைக் காட்டிலும் பன்மடங்கு பெரிது. 'புயலா, இல்லையா' என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த மூன்று நாள்களும் அந்த அமைப்பு எல்லைக்கோட்டின் அருகே நின்றுகொண்டிருந்தது. அந்நாள்களில் அதனால் பெய்த மழையில் இலங்கையின் கிழக்குப் பகுதி உயிரிழப்புகளைச் சந்தித்தது. வெள்ளம் பெயர் சூட்டும் நாளுக்குக் காத்திருக்கவில்லை.

கரையைக் கடந்தபின் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகிலேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. பின்னர் வலுவிழந்து, புயல் என்னும் நிலையை இழந்து, உள்மாவட்டங்களுக்குள் நகர்ந்தபோது கிருட்டிணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். தென்பெண்ணை கரைபுரண்டது. 'புயல் வலுவிழந்தது' என்ற செய்தியைக் கேட்டு ஆறுதல் அடைந்தோர்க்கு அந்தத் தொடர் காற்றைப் பற்றியது, மழையைப் பற்றியது அன்று என்பதை எவரும் விளக்கியிருக்கவில்லை.

தெரியுமா?

வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு 13 நாடுகள் பெயர் வழங்குகின்றன. 2020 இல் வெளியான பட்டியலில் 169 பெயர்கள் உள்ளன. ஃபெஞ்சல் சவூதி அரேபியா தந்த பெயர். இந்தியா தந்த பெயர்களுள் 'முரசு', 'நீர்' ஆகியனவும் இடம்பெற்றுள்ளன.

பெயரில்லாத மழை

2023 டிசம்பர் இவ்வேறுபாட்டை இரண்டு வாரங்களுக்குள் இருமுறை காட்டியது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டு, 5 ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. பெயர் பெற்ற தீவிரப் புயல் அது. ஆயினும் வடக்கே திரும்பும் புயலால் தென்மாவட்டக் கண்மாய்களுக்குப் பெரும்பயன் விளைவதில்லை; ஈரக்காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அது போய்விடும்.

டிசம்பர் 17 அன்று குமரிக்கடல் பகுதியில் நிலவியது வெறும் வளிமண்டலச் சுழற்சி. தாழ்வு மண்டலம் அன்று, புயல் அன்று, அதற்குப் பெயரும் இல்லை. 18 ஆம் நாள் காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாகியிருந்தது. அம்மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதிலும் சராசரியாகப் பெறும் மழையை விஞ்சிய அளவு அது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட விரைவுத் தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. தாமிரபரணி இரு கரைகளையும் மீறியது.

படிநிலைகள் காற்றின் வேகத்தை அளக்க வகுக்கப்பட்டவை. மழையின் அளவோ ஈரக்காற்று எவ்வளவு வந்து குவிகிறது, மேகக்கூட்டம் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பவற்றைப் பொறுத்தது. அடிப்படியில் உள்ள ஒரு சுழற்சி நகராமல் நின்றால், மேற்படியில் உள்ள புயல் விரைந்து கடக்கும்போது தருவதைவிட மிகுந்த மழையைத் தரும்.

மழைக்கென்று வானிலைத் துறையிடம் வேறு சொற்கள் உள்ளன. ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் பெய்தால் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. இடத்தைக் குறிக்கும் தொடர்களும் அளவுடையவை. 'ஓரிரு இடங்களில்' என்றால் அப்பகுதியின் மழைமானி நிலையங்களுள் கால்பங்கிற்கு மேற்படாதவற்றில் மழை பெய்யும் எனப் பொருள். 'ஒரு சில இடங்களில்' என்பது பாதி வரை. 'பல இடங்களில்' என்பது முக்கால் பங்கு வரை. அதற்கு மேல் 'பெரும்பாலான இடங்களில்'. இங்கு ஒரு நிலையத்தில் மழை பெய்ததாகக் கொள்ள 2.5 மி.மீ. போதும். புழுதி மண்ணை நனைக்கவும் அந்த 2.5 மி.மீ. போதாது. உழவர் 'உழவு மழை' என்று சொல்வது அதனினும் பெரிது. 'கண்மாய் பெருகும் மழை' இன்னும் பெரிது. அறிக்கையின் அளவுகோலும் ஊரின் அளவுகோலும் ஒன்றாக இல்லாததால், பலித்த கணிப்பும் பொய்த்ததாகத் தோன்றும்.

காளையார்கோவிலில் ஓர் அறிக்கையைப் படிப்பவர், எனவே, புயலா தாழ்வா என்னும் சொல்லில் நின்றுவிடாமல், அது எங்கே நிலைகொண்டுள்ளது, எத்திசையில் நகர்கிறது என்பதை முதலில் காண்பார். இலங்கைக்குத் தெற்கே குமரிக்கடலை நோக்கியா, வடதமிழகக் கடற்கரையை நோக்கியா, ஆந்திரத்தை நோக்கியா என்பதைப் பொறுத்து அவ்வூரின் மழை மாறும். அடுத்ததாகச் சிவகங்கை மாவட்டத்தின் பெயருக்கு அருகில் ஓரிரு இடமா, பல இடமா, கனமழையா, மிதமான மழையா என்று பார்ப்பார். ஓரிரு இடங்களில் கனமழை என்றால் ஓர் ஊர்க் கண்மாய் மறுகால் பாய, பக்கத்து ஊர்க் கண்மாய் தரை தெரியக் கிடப்பதும் நிகழும். பல இடங்களில் மழை என்று மூன்று நாள்களுக்குத் தொடர்ந்து இருந்தால் விதைக்காதவர் விதைத்துவிடலாம். செம்மஞ்சள் எச்சரிக்கையும் உடன் இருந்தால் விதைப்பைத் தள்ளிவைத்துக் கலுங்கையும் மடையையும் சென்று பார்த்து, கரை மெலிந்த இடத்தில் மண்மூட்டை அடுக்கலாம்.

காற்றின் படிகளை அவர் முற்றிலும் புறக்கணிக்கவும் இயலாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறிய கஜா, கடற்கரையோடு ஓய்ந்துவிடவில்லை. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபடி மேற்கு நோக்கி வந்து, சிவகங்கை மாவட்டத்தையும் தாக்கித் திண்டுக்கல் வரை சென்றது. அன்று கேட்க வேண்டிய சொல் மழையின் சொல் அன்று, காற்றின் சொல். அந்த ஆண்டு நவம்பர் 11 அன்றே அந்தச் சொல் சொல்லப்பட்டிருந்தது. கரையேறுவதற்கு ஐந்து நாள்கள் இருந்தன.